மலை ஏறும் டர்போ வண்டியில் பெட்ரோல் பம்பு கோளாறு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையத்தில் குறையில்லாமல் இழுத்த வண்டி, குன்னூர் தாண்டியதும் முழு பூஸ்டில் (டர்போ அழுத்தித் தரும் காற்றில்) திணறுகிறது. உடனே கை போவது பெரிய பம்பின் மீதுதான். திறந்து பார்த்தால் பல சமயம் பம்பு நன்றாகவே இருக்கும். அதற்குப் போகும் கரண்டோ, டேங்குக்குள் கிழிந்த ஒரு சாண் ஹோஸோ, டேங்குக்குக் காற்று விடும் மூச்சுக் குழாய் அடைத்துப்போனதோ காரணமாக இருக்கும். அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனை முதலில், பம்பு கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை: 10 பார் வரை காட்டும் பெட்ரோல் பிரஷர் கேஜ், குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மல்டிமீட்டர், பதிவு செய்யத் தெரிந்த ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பது), ஒரு கண்ணாடி ஜாடி, தீயணைப்பான்.

ஊட்டி, கோத்தகிரி பக்கம் மழைக்கும் குளிருக்கும் ஷட்டரை இறக்கிவிட்டு, மூலையில் கரி அடுப்பு மூட்டி வேலை பார்ப்பது வழக்கம். டேங்கைத் திறக்கும் நாளில் அது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுப்பைத் தேடிப் போகும். லைனைக் கழற்றும் முன் பம்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும்) வண்டியின் ஹை பிரஷர் லைனில் ஸ்பேனர் வைக்கவே வேண்டாம், அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

மலைக்கென்று ஒரு கணக்கு

கோயம்புத்தூர் சுமார் 410 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் அங்கே 0.96 பார் என்றால் இங்கே 0.77 பார். டர்போ இல்லாத வண்டி மேலே ஏற ஏறக் குறைவாகத்தான் பெட்ரோல் கேட்கும். டர்போ வண்டியின் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), இன்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் மொத்த அழுத்தத்தை 2.0 பாரில் நிறுத்தப் பார்த்தால் கதை மாறுகிறது. கோவையில் 1.04 பார் பூஸ்ட் போதும், ஊட்டியில் 1.23 பார் வேண்டும். மேனிஃபோல்டோடு ஹோஸ் இணைத்த ரெகுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் வால்வு) இருந்தால், 3 பார் அடிப்படை அழுத்தத்தில் கோவையில் பம்பு தள்ள வேண்டியது 4.04 பார், ஊட்டியில் 4.23 பார். அதே அளவு பெட்ரோல், ஏறக்குறைய 0.2 பார் கூடுதல் சுமை. ஏற்கனவே விளிம்பில் இருந்த பம்பு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். கோவையில் டைனோ (பவர் அளக்கும் இயந்திரம்) போட்டு எடுத்த இசியு ட்யூன் அங்கே சரியாகவும் இங்கே மோசமாகவும் இருப்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும் ரிட்டர்ன் லைன் (மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) இல்லாத வண்டியில் பம்பின் சுமை அதிகரிக்காது. ஆனால் இன்ஜெக்டருக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் அந்த 0.2 பார் குறையும். இசியு அதை ஈடு கட்ட இன்ஜெக்டரை அதிக நேரம் திறந்து வைக்கும்.

அறிகுறி 1: ஏற்றத்தில் முழு பூஸ்டில் இழுவை செத்து, லீன் ஆகிறது

மூன்றாவது கியரில் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் அழுத்தினால் லாம்டா அளவு (காற்று-பெட்ரோல் விகிதம்) ஏறுகிறது, அதாவது பெட்ரோல் பற்றாமல் கலவை லீன் ஆகிறது, மிஸ்ஃபயர் வருகிறது, காலை எடுத்தால் சரியாகிறது. இதுதான் அடையாளம். லாம்டா கூடும்போது பூஸ்டைப் பிடித்தே ஓட்டினால் பிஸ்டன் போகும். ஒரு தடவை பதிவு எடுத்ததும் நிறுத்துங்கள்.

கேஜை இன்ஜெக்டர் ரெயிலில் மாட்டி, ஹோஸ் கழற்றிய ரெகுலேட்டரோடு ஐடிலில் அடிப்படை அழுத்தம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இது எந்த ஊரிலும் மாறக் கூடாது. பிறகு ஹோஸை மாட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் எப்போதும் அதே அடிப்படை அழுத்தம் வர வேண்டும். ரிட்டர்ன் இல்லாத வண்டியில் கழிக்க வேண்டாம், கேஜ் முள் அசையாமல் நின்றால் போதும்.

*அழுத்தம் விழவில்லை என்றால்* பம்பை விட்டுவிடுங்கள். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஜெக்டர்தான் சிறியது. அது குறைவாக இருந்தும் லீன் என்றால் இன்ஜெக்டர் அடைப்பு, பூஸ்ட் ஹோஸ் கசிவு, சென்சார் என்று வேறு பக்கம் தேட வேண்டும். லீன் ஆகாமல் மிஸ்ஃபயர் மட்டும் வந்தால் ஸ்பார்க் பிளக் இடைவெளியை முதலில் பாருங்கள்.

*0.2 பாருக்கு மேல் விழுந்தால்* கீழ்க்காணும் வரிசையில் போகலாம்.

முதலில் கரண்டு. பம்பு கனெக்டரின் இரண்டு முனையிலிருந்தும் ஃபியூஸ் வைத்த மெல்லிய வயர் இழுத்து, மல்டிமீட்டரை முன் சீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் கனெக்டர் பின் சீட்டுக்கு அடியில் மூடிக்குள் இருக்கும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போது, முழுச் சுமையில் பம்பில் குறைந்தது 13.3 வோல்டாவது இருக்க வேண்டும். பம்புப் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் 13.5 வோல்டில் எடுத்தது. அதே பம்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் 15 சதவீதமோ அதற்கு மேலோ பெட்ரோல் குறைந்துவிடும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஹெட்லைட், ஃபாக் லைட், ஹீட்டர் ப்ளோவர், பின்கண்ணாடி டிஃபாகர் எல்லாம் ஓடும்போதும் ஒரு தடவை அளந்து பாருங்கள். பகலில் வராத கோளாறு அப்போது வரும்.

வோல்ட் குறைகிறதென்றால் முதலில் எர்த் கம்பியின் பிடிப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். மலைப் பனியில் பாடி எர்த் துருப்பிடிப்பது மிகச் சாதாரணம். அதிலும் சரியாகவில்லை என்றால் தனி ரிலே: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்கு ஒரு சாணுக்குள் 20 ஆம்ப் ஃபியூஸ், 30 ஆம்ப் ரிலே, அதே கனத்தில் எர்த். ரிலேயைத் தூண்ட பழைய பம்பு வயரையே பயன்படுத்துங்கள். இக்னிஷனிலிருந்து நேராக எடுத்தால், வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்ற பிறகும் பம்பு பெட்ரோல் அடித்துக்கொண்டே இருக்கும். 255 வகைப் பம்பு (மணிக்கு 255 லிட்டர் தள்ளுவது) 8 முதல் 10 ஆம்ப் வரை இழுக்கும், 450 வகை 15 ஆம்பைத் தாண்டும். கம்பெனி வயரிங் இரண்டாவதைத் தாங்காது.

ஓர் எச்சரிக்கை. போக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ வண்டிகளில் பம்புக்கென்று தனி கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. அது துடிப்புத் துடிப்பாகக் கரண்டு கொடுப்பதால் மல்டிமீட்டர் 8, 9 வோல்ட் என்று காட்டக்கூடும். அது கோளாறு அல்ல. அங்கே ரிலே போட்டால்தான் கோளாறு.

அடுத்தது ஃபில்டரும் பம்பின் அடியில் உள்ள சல்லடைச் சாக்கும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலில் உள்ள எத்தனால் பழைய டேங்கின் படிவை இளக்கிக் கொண்டுவந்து இங்கே சேர்த்துவிடும். சாக்கு கறுத்திருந்தால் கழுவிப் போடாமல் புதிதாகவே மாற்றுங்கள்.

மூன்றாவது, டேங்குக்குள் இருக்கும் ஹோஸ். ஐடிலில் அழுத்தம் சரியாக இருந்து பூஸ்டில் மட்டும் விழுந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். அழுத்தம் ஏறும்போது மட்டும் கிழிசல் வாய் திறக்கும். பெட்ரோலில் மூழ்கி இருக்கும் ஹோஸுக்கு ஜே30 ஆர்10 என்ற தரம் அச்சிட்டிருக்க வேண்டும். வெளியே ஓடும் லைனுக்கான ஆர்9 ஹோஸ் உள்பக்கம் தாங்கும், வெளிப்பக்கம் மூழ்கினால் ஊதி வெடிக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

இவ்வளவும் சரி என்றால் பம்பின் ஓட்டத்தை அளங்கள். ரிட்டர்ன் ஹோஸை ஜாடிக்குள் விட்டு, ரெகுலேட்டரின் பூஸ்ட் முனையில் கைப்பம்பால் 1.2 பார் ஏற்றி, இன்ஜின் ஓடாமல் பம்பை மட்டும் 30 வினாடி ஓட்டுங்கள். மணிக்கு 145 லிட்டர் தேவைப்படும் வண்டியில் (கணக்கு கடைசித் தலைப்பில்) 1.2 லிட்டர் வர வேண்டும். பேட்டரியைச் சார்ஜரில் போட்டுச் செய்யுங்கள், ஆனால் சார்ஜர் கிளிப் பெட்ரோல் பக்கமே வரக் கூடாது. அளவு குறைந்தால் இப்போது பம்பு வாங்கலாம்.

அறிகுறி 2: கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் ஒரு வெட்டு

நேர் ஏற்றத்தில் ஒன்றும் இல்லை. வளைவு முடிந்து முடுக்கும் நொடியில் ஒரு வெட்டு, பிறகு சரி. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் இது எண்ணி எண்ணி வரும், அதுவும் ஒரே பக்க வளைவுகளில்.

டேங்கை அரைக்கு மேல் நிரப்பி அதே வளைவுகளை மறுபடி ஏறுங்கள். வெட்டு போய்விட்டால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்பு காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள்.

முதல் காரணம் கவனக்குறைவு. கம்பெனி பம்பைக் கழற்றிப் பெரிய பம்பு போட்டபோது, டேங்குக்குள் பம்பு உட்கார்ந்திருக்கும் வாளியை நிரப்பும் சிறிய ஜெட் குழாயை மாட்டாமல் விட்டிருப்பார்கள். அந்தக் குழாய் இல்லாவிட்டால் வாளி தானாக நிரம்பாது, வாளி இருந்தும் பயனில்லை. இரண்டாவது, புதுப் பம்பின் சாக்கு வாளியின் அடியைத் தொடாமல் மடங்கி நிற்பது. மூன்றாவது, டேங்க் குதிரைச் சேணம் போல இரண்டாகப் பிரிந்த வண்டிகளில் மறுபக்கத்திலிருந்து இழுக்கும் சைஃபன் அடைப்பு.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வெட்டு வந்தால்தான், தனி சர்ஜ் டேங்கும் (பம்புக்கு எப்போதும் பெட்ரோல் வைத்திருக்கும் சிறு துணை டேங்க்) இரண்டாவது பம்பும் பற்றி யோசிக்க வேண்டும். அதை வெல்டிங் பட்டறையில் செய்யவிடாதீர்கள், ரேஸ் வண்டி கட்டியவர் செய்யட்டும்.

அறிகுறி 3: ஏறி வந்து நிறுத்தியதும் பம்பு அலறுகிறது, மறுபடி எடுத்தால் திணறல்

ஏப்ரல், மே மாதம். மேட்டுப்பாளையம் வெயிலில் நின்ற வண்டி, கால் டேங்க் பெட்ரோலோடு கல்லாறு, பர்லியாறு வழியாக ஒரே மூச்சில் ஏறி வருகிறது. பம்பு ஓடிக்கொண்டே பெட்ரோலைச் சுற்றவைத்துச் சூடாக்குகிறது. மேலே காற்றழுத்தம் குறைவு. அடுப்பில் வைத்த பால் போலப் பெட்ரோல் பம்பின் வாயிலேயே நுரைக்கிறது. நுரையைப் பம்பால் தள்ள முடியாது, அதனால்தான் அந்த விசில் சத்தம். கேஜ் முள் நடுங்கினால் இதுவே.

செலவில்லாத மருந்து: கோடையில் ஏறும் முன் டேங்கை முக்காலுக்கு நிரப்புவது. நிறைந்த டேங்க் மெதுவாகத்தான் சூடாகும். ஏறி வந்ததும் நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

அதற்கு மேலும் வந்தால் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய எக்ஸாஸ்ட் மாட்டியவர்கள் இடிக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பிறகு சாக்கு அடைப்பு: உறிஞ்சும் பக்கம் இறுக்கமானால் நுரை சீக்கிரம் வரும். கடைசியாக, தேவைக்கு இரு மடங்கு பெரிய பம்பு. அது குளிர்ந்த பெட்ரோலையும் ஓயாமல் சுற்றி வெந்நீராக்கும்.

அறிகுறி 4: மலை இறங்கிய பின் திணறல்

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊட்டியில் நன்றாக இருந்த வண்டி மேட்டுப்பாளையத்திலோ மசினகுடியிலோ இறங்கியதும் திணறுகிறது. டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, திணறலும் நின்றால், மூச்சுக் குழாய் அடைப்பு. இறங்க இறங்க வெளியே காற்றழுத்தம் கூடுகிறது, டேங்குக்குள் அது கூடுவதற்கு வழியில்லை. பம்பு அந்த வெற்றிடத்தோடு மல்லுக்கட்டுகிறது. முற்றினால் பிளாஸ்டிக் டேங்க் ஒடுங்கிக்கூடப் போகும்.

மூடியை மாற்றிப் பாருங்கள். பிறகு, பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டியின் காற்று வழியைப் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும், சேறு அப்பியிருக்கும். பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் வற்புறுத்தி ஊற்றுகிறவர்களின் கரிப்பெட்டி பெட்ரோலில் ஊறிப்போயிருக்கும், அதை மாற்றத்தான் வேண்டும். ஏறும்போது வெளியே வரும் "உஸ்" சத்தம் சிறிதளவு இயல்பு.

அறிகுறி 5: குளிர் காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது

சாவியை ஆன் செய்து மூன்று வினாடி, ஆஃப், மறுபடி ஆன் மூன்று வினாடி. பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் இரவில் லைன் அழுத்தம் இறங்குகிறது. பிடிக்காவிட்டால் பேட்டரி, பிளக், சென்சார் பக்கம் போங்கள்.

இறங்குகிறதென்றால் கேஜை மாட்டி, இன்ஜினை அணைத்து, 20 நிமிடம் பாருங்கள். 3 பார் வண்டியில் 2 பாருக்குக் கீழே போனால் கசிவு. ரிட்டர்ன் ஹோஸை மெல்ல நெரித்தால் இறக்கம் நிற்கிறதா? ரெகுலேட்டர். சப்ளை ஹோஸை நெரித்தால் நிற்கிறதா? பம்பின் செக் வால்வு அல்லது டேங்குக்குள் ஓ-ரிங். இரண்டிலும் நிற்கவில்லையா? இன்ஜெக்டர் சொட்டுகிறது, அதை உடனே கவனியுங்கள். நைலான் லைனை நெரிக்கக் கூடாது, ரப்பரை மட்டும்.

மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால், குன்னூர், கோத்தகிரி பங்களாக்களில் வார இறுதிக்கு மட்டும் எடுக்கும் வண்டிகள் எல்லாம் இந்த வகைதான், தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். எத்தனால் மலை ஈரத்தைக் குடித்து, ஓர் அளவுக்கு மேல் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். பம்பு முதலில் குடிப்பது அதைத்தான். லைனிலிருந்து அரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து 15 நிமிடம் வையுங்கள். அடியில் தனிப் படலம் தெரிந்தால் டேங்கை முழுதாக வடிக்க வேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்க முடியாது.

அறிகுறி 6: பெரிய பம்பு போட்ட பின் ஐடிலில் கரும்புகை, பெட்ரோல் வாடை

அடிப்படை அழுத்தத்தை அளங்கள். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 3.6, 3.8 என்று நின்றால், பம்பு தள்ளும் அளவை ரெகுலேட்டரும் ரிட்டர்ன் லைனும் திருப்பி அனுப்ப முடியவில்லை. ரிட்டர்ன் லைனில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய வாய் உள்ள ரெகுலேட்டர், 8 மில்லிமீட்டர் ரிட்டர்ன் லைன் போடுங்கள். டேங்குக்குள் ரெகுலேட்டர் உள்ள வண்டியில் இதைச் சரிசெய்யவே முடியாது, சிறிய பம்புக்குத் திரும்புவதே மேல். ட்யூனில் ஐடிலுக்கான பெட்ரோலைக் குறைத்து மறைப்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

அறிகுறி 7: நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டியில் முழு பூஸ்டில் பவர் கட்

போலோ டிஎஸ்ஐ, ஆக்டேவியா, பூஸ்டர்ஜெட் பலேனோ ஆர்எஸ் போன்றவற்றில் பம்பு இரண்டு. டேங்கில் ஒன்று, கேம் ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்பு இன்னொன்று. ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தின் இலக்கையும் உண்மை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். உண்மை அளவு 10 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் அடுத்த கேள்வி: லோ பிரஷர் பக்கம் நிலையாக நிற்கிறதா?

நிற்கவில்லை என்றால் டேங்க் பம்பு, ஃபில்டர், கன்ட்ரோல் யூனிட். நிற்கிறது என்றால் ஹை பிரஷர் பம்பு, அல்லது ட்யூன் கேட்கும் அளவு அந்தப் பம்பின் எல்லையைத் தாண்டிவிட்டது. டேங்கில் எவ்வளவு பெரிய பம்பு போட்டாலும் இது தீராது. காசு செலவழிக்கும் முன் ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் ஹை பிரஷர் பம்பின் சீல் போய்ப் பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அந்த நிலையில் வண்டியை மலை இறக்காதீர்கள், லாரியில் ஏற்றி அனுப்புங்கள். இந்த லைனில் வண்டியைப் பொறுத்து 150 முதல் 350 பார் வரை இருக்கும். மயிரிழைக் கசிவு தோலைத் துளைத்துவிடும். இதற்கு அப்பால் உள்ள வேலை முழுவதும் அந்த வண்டி தெரிந்த பட்டறைக்கு உரியது.

பம்பு வாங்கியே ஆக வேண்டும் என்றால்

மேனிஃபோல்டில் இன்ஜெக்டர் உள்ள டர்போ இன்ஜினுக்கு, உதாரணமாக அபார்த் புன்ட்டோவின் டி-ஜெட், ஒரு பிஎச்பிக்கு மணிக்கு சுமார் 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 பிஎச்பி என்றால் 54 கிலோ, லிட்டரில் 72 சொச்சம். இ20 பெட்ரோலுக்கு 6 சதவீதம் கூட்டினால் 77. மலைக்கும் வெயிலுக்கும் பம்பின் வயதுக்கும் 25 சதவீதம் கூட்டினால் 96 லிட்டர். 300 பிஎச்பிக்கு இதே கணக்கில் 145 லிட்டர் பக்கம் வரும்.

இந்த அளவு உங்கள் உச்ச அழுத்தத்தில், பம்பு முனையில் நீங்கள் அளந்த வோல்டில் கிடைக்க வேண்டும். 255 என்று பெயர் வைத்த பம்பு 3 பாரில்தான் 255. 5 பாரில் ஏறக்குறைய 200க்கு இறங்கிவிடும். அப்படியும் 300 பிஎச்பிக்குத் தாராளம். 340, 450 லிட்டர் பம்புகள் இ85 எரிக்கும் ஊர்க்காரர்களுக்கானவை. இங்கே பங்கில் கிடைப்பது இ20. பெரிய பம்பு போட்டால் அறிகுறி 3, 6 இரண்டையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

வாங்கும்போது எத்தனாலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்கிறாரா, அழுத்தம்-ஓட்டம் அட்டவணை கொடுக்கிறாரா என்று பாருங்கள். வால்ப்ரோ போன்ற பெயர் பெற்ற பம்புகளுக்குப் போலி நிறைய. விலை பாதியாக இருந்தால் அதுவே பதில். மாட்டும் முன் 30 வினாடி ஓட்டம் அளந்து, வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள்.

மாட்டும்போது, பின் சீட்டுக்கு அடியில் பம்பை மூடும் டேங்க் மூடியின் ரப்பர் சீல் புதிதாக இருக்க வேண்டும். பழையது எத்தனாலில் ஊதி, பள்ளத்தில் உட்காராது. முடித்ததும் டேங்கை முழுதாக நிரப்பி, முதல் இரவு மூக்கு மேலாகவும் அடுத்த இரவு மூக்கு கீழாகவும் சரிவில் நிறுத்துங்கள், மலையில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. காலையில் பின் சீட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். வாடை இருந்தால் சாவியைத் தொடாமல் கதவுகளைத் திறந்து வைத்து, மூடியை மறுபடி கழற்றுங்கள்.